தாலிக்குத் தங்கமா? படிப்புக்குப் பணமா?

ஏழைக் குடும்பங்களுக்குச் சர்க்கார் ரொக்கமாகப் பணம் கொடுப்பதால் ஜனங்கள் சோம்பேறிகளாகி விடுகின்றார்கள் என்பதாகக் காரைக்குடியில் சில கனவான்கள் பேசிவருவதை நாமும் கேட்டு வருகின்றோம். இப்படிப் பேசுகின்றவர்கள் யாரென்று பார்த்தால், பாட்டன் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை வைத்துத் தேடின சொத்தை, ஒரு பரீட்சையும் எழுதாமல், ஒரு நாள் ஆஜரும் கொடுக்காமல், பிள்ளையாய்ப் பிறந்த ஒரே யோக்கியதையினால் அடைந்தவர்களே பெரும்பாலும். நிபந்தனையில்லாமல் வந்த லட்சங்கள் இவர்களைச் சோம்பேறிகளாக்கவில்லையாம்! புதுவயல் அரிசி ஆலைக் களத்தில் வெய்யிலில் நெல் காயப்போடும் பெண்ணின் மகளுக்கு, படித்தால்தான் உண்டு என்ற நிபந்தனையின் பேரில் வருகிற மாதம் ஆயிரம் ரூபாய்தான் தேசத்தைக் கெடுத்துவிடப் போகின்றதாம்! இந்தப் பேச்சுக்கு இதற்குமேல் பதில் வேண்டியதில்லை.

ஆனால், நம் ஜனங்கள் யோசிக்க வேண்டிய சங்கதி வேறொன்று இருக்கின்றது. கொடுத்த பணம் செலவழிந்து போகும். இன்னதற்காகக் கொடுத்தார்கள் என்கின்ற எண்ணம் மாத்திரம் அந்தக் குடும்பத்தில் வெகுகாலம் தங்கிவிடும். ஹரியானாவில் 1994-இல் ஒரு திட்டம் போட்டார்கள். ஏழை வீட்டில் பெண் பிறந்தால் அதன் பேரில் சர்க்கார் பணம் போட்டு வைக்கும். 18 வயது வரை கல்யாணம் ஆகாதிருந்தால் 25,000 ரூபாய் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும். நல்ல எண்ணந்தான். ஆனால் அந்தப் பெண்கள் வயது வந்த பின்பு ஆராய்ந்து பார்த்தவர்கள் கண்டதென்ன? அது கல்யாணச் செலவுக்குச் சர்க்கார் கொடுக்கும் பணம் என்றே அநேக குடும்பங்கள் நினைத்திருந்தன. 18 ஆனதும் பணத்தை வாங்கிக் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். அதே 1994-இல் வங்காள தேசத்தில் உயர்நிலைப் பள்ளிப் பெண்களுக்கு, நூற்றுக்கு 75 நாள் பள்ளிக்கு வரவேண்டும், கல்யாணம் செய்து கொள்ளக் கூடாது என்று சொல்லி, படிக்கும்போதே உதவிப் பணம் கொடுத்தார்கள். பெண்களின் படிப்பு வளர்ந்தது. கல்யாண வயதும் தள்ளிப் போயிற்று.

நிற்க, நமது தமிழ்நாட்டுச் சங்கதிக்கு வருவோம். 1987-இல் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் தொடங்கிய பிரசவ உதவி 300 ரூபாயிலிருந்து 2018-இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. அதன் கடைசித் தவணை, குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆகித் தட்டம்மை ஊசி போட்ட பிறகுதான் என்று வைத்தார்கள். மாரியம்மனுக்கு நேர்ந்து கொள்ளாமல் ஊசி போடுகிற இடத்திற்குத் தாய்மார்களை நடக்கச் செய்த நிபந்தனையை நாம் எப்படிக் குறை சொல்ல முடியும்?

1989-இல் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் கல்யாண உதவியின் கதைதான் வேடிக்கை. தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டு, 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலை எழுதிய சுயமரியாதைக்காரரின் பெயரால், 2011 முதல் தாலிக்கு 4 கிராம் தங்கம். 2016-இல் அது 8 கிராம்! தாலியில்லாத சுயமரியாதைக் கல்யாணமும் செல்லும் என்று 1967-இல் சட்டம் செய்த தமிழ்நாட்டிலேயே இந்தக் கூத்து. பத்தாவது படித்திருந்தால் 25,000, பட்டம் பெற்றிருந்தால் 50,000 என்று வைத்தது படிப்புக்கு ஒரு தூண்டுகோல்தான், மறுக்கவில்லை. என்றாலும், படிப்பின் பலன் மணவறையில் கைக்கு வரும் என்றல்லவா அது பெண்ணுக்குச் சொல்லிற்று?

2022-இல் இதை மாற்றி, சர்க்கார் பள்ளியில் ஆறாவது முதல் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்ணுக்கு, படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் பேரிலுள்ள பாங்குக் கணக்கிலேயே போடச் செய்தார்கள். “தாலித் தங்கம் போச்சே” என்று நம் பக்கத்துத் தாய்மார்கள் இன்றும் அங்கலாய்க்கின்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வளவு நிறைய வெள்ளியும் பித்தளையும் எவர்சில்வருமாகச் சீர் சாமான்களைப் பரப்பி ஊராருக்குக் காட்டும் பெரிய வீட்டுக் கல்யாணங்களில் பாத்திரம் துலக்கிக் கொடுப்பவர்கள் அவர்கள். பார்த்ததைத்தானே தன் மகளுக்கும் செய்ய நினைப்பார்கள்? தங்கம் போனதில் அவர்களுக்குக் கஷ்டம் உண்டு. ஆனால் அந்தத் தங்கம் போதாமல் மேற்கொண்டு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியது யார்? புரோகிதரா? மாப்பிள்ளை வீட்டாரா?

இந்தப் புதிய ஏற்பாட்டிலும் ஒரு ஓட்டை இருக்கின்றது. ஒன்பதாவதிலோ பத்தாவதிலோ, வீட்டில் கஞ்சிக்கு இல்லாமல் நின்றுவிடுகிற பெண்ணுக்கு இதில் ஒரு காசும் இல்லை. கல்லூரி வாசலை எட்டியவளுக்குத்தான் பணம். எல்லோரிலும் ஏழை எவளோ அவள் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமலேயே வெளியில் நிற்கின்றாள். பழைய தாலித் தங்கத்துக்குப் பத்தாவது கேட்டபோதும் வெளியில் நின்றவள் அவள்தான். வங்காள தேசத்தார் போலப் பள்ளிக்கூடத்திலேயே அவள் கையில் இந்தப் பணத்தைக் கொடுக்கத் தடை என்ன? சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த முறை நம் ஊர்ப் பக்கம் வரும்போது, மாலை போடுவதற்கு முன் இதைக் கேட்க வேண்டுமென்று களத்து வேலைத் தாய்மார்களை நாம் கேட்டுக் கொள்ளுகின்றோம்.