கோபுரத்தின் மேல் பழி போடாதீர்கள்

செல்போன் கோபுரங்கள்தாம் சிட்டுக்குருவியை ஒழித்துவிட்டன என்று தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாள் வந்தால் வாட்ஸ்அப்பிலும் பேச்சுப்போட்டி மேடையிலும் இதே பேச்சுதான். 2018இல் வெளியான '2.0' திரைப்படம் அதை இன்னும் ஆழமாகப் பதித்துவிட்டது. போதிய ஆதாரமில்லாத இந்த நம்பிக்கை குருவிக்குக் கேடே செய்கிறது.

காலக்கணக்கைப் பாருங்கள். பிரிட்டனில் குருவிகள் குறையத் தொடங்கியது 1970களின் இறுதியில். அங்கே கைப்பேசிச் சேவை வந்ததோ 1985இல். நம் நாட்டில், பறவை நோக்கர்களின் பதிவுகளைத் தொகுத்து 2020இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, 25 ஆண்டுகளில் நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்றது. சென்னை, பெங்களூரு போன்ற பெருநகரங்களில்தான் சரிவு. கோபுரம்தான் காரணமென்றால், கோபுரம் நிற்கும் சிற்றூர்களிலும் குருவி அற்றுப்போயிருக்க வேண்டுமே! கோபுரத்தருகே குருவி குறைவு என்று கண்ட வெளிநாட்டு ஆய்வுகள் உண்டு. ஆனால் கோபுரம் நெருங்கிய இடத்தில் கட்டடமும் நெருங்கியிருக்கும். குறைத்தது எது என்று அதை வைத்து எப்படித் தீர்ப்பெழுதுவது?

நகரத்துக் குருவி இழந்தவை கண்ணெதிரே இருக்கின்றன. ஓட்டுச் சரிவின் இடுக்கிலும் சுவரில் மாட்டிய படத்தின் பின்னாலும் கூடு கட்டிய பறவைக்கு, வழவழப்பான கான்கிரீட் சுவரிலும் கண்ணாடி சன்னலிலும் இடமேது? முற்றத்தில் முறத்தால் புடைக்கையில் சிந்திய குருணையும், மளிகைக் கடை வாசலில் சாக்கிலிருந்து உதிர்ந்த தானியமும் பொட்டலம் வந்ததும் போயின. அவற்றைவிடப் பெரிய இழப்பு புழு பூச்சி. வளர்ந்த குருவி தானியம் தின்னும்; குஞ்சுக்குத் தாயும் தந்தையும் ஊட்டுவது பெரும்பாலும் பூச்சிகளையே. செடியை வெட்டி, தரைக்குச் சிமெண்ட் பூசி, மிச்சத்துக்கு மருந்தடித்த வீட்டில், மாடியில் அரிசி வைத்தால் மட்டும் குஞ்சு பிழைத்துவிடுமா?

கோபுரத்தைக் குற்றவாளியாக்கியதும் நம் கை கழுவப்பட்டுவிடுகிறது. கோபுரத்தை நாம் அகற்றப்போவதில்லை. ஆகவே எதையும் செய்யவேண்டியதில்லை என்று அமர்ந்துவிடுகிறோம். இந்தச் சோம்பலைத்தான் கண்டிக்கிறேன்.

செய்யக்கூடியவை எளியவை. சுமார் மூன்று சென்டிமீட்டர் துளையிட்ட மரப்பெட்டியை, பூனை எட்டாத உயரத்தில், வெயில் நேரே படாத சுவரில் மாட்டுங்கள். நெற்கதிர்க் கொத்தை வாசலில் தொங்கவிடுங்கள். ஆழமில்லாத மண்தட்டில் தண்ணீர் வைத்து நாள்தோறும் மாற்றுங்கள். செம்பருத்தியையும் மருதாணியையும் வளர்த்துவாருங்கள். அசுவினி கண்டதும் மருந்தைத் தூக்காதீர்கள். வீடு கட்டுகிறவர்கள் சுவரில் நாலு பொந்து விடச் சொல்லுங்கள். கோபுரத்தைத் திட்டும் நேரத்தில் இவற்றில் ஒன்றையாவது இன்றே தொடங்குங்கள்.