எந்த வண்டிக்கு எந்தப் பெட்ரோல்?

நாடெங்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் மட்டுமே விற்கப்படுவதை எதிர்த்துத் தாக்கல் செய்யப்பட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி தள்ளுபடி செய்தது. அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதி கே. வினோத் சந்திரன் ஆகியோர் அடங்கிய அமர்வின் முடிவு அது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்பது மனுவின் முதல் கோரிக்கை. மற்றொரு கோரிக்கை மிக எளியது. விற்கப்படும் பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்பதை நிலையத்தில் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். தன் வாகனம் அதற்கு ஏற்றதா என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். கரும்பு விவசாயிகளுக்குப் பயனளிக்கும் கொள்கை இது என்று மத்திய அரசின் சார்பில் அட்டர்னி ஜெனரல் ஆர். வெங்கடரமணி வாதிட்டார். விவசாயி பயனடைவதற்கும், விற்கும் பொருளின் மீது அதன் கலவை விகிதத்தை எழுதி ஒட்டுவதற்கும் என்ன முரண்பாடு என்பதுதான் விளங்கவில்லை.

வழக்கு முடிந்துவிட்டது. கேள்வி முடியவில்லை. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் நல்லேப்பிள்ளி போன்ற எல்லைப்புற ஊரிலிருந்து பார்த்தால் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகத் தெரியும். கேரளத்தைவிடத் தமிழகத்தில் பெட்ரோல் விலை குறைவாக இருக்கும் நாள்களில், பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ செல்பவர் கோபாலபுரத்தையோ வேலந்தாவளத்தையோ தாண்டிய பிறகு வண்டியில் பெட்ரோல் நிரப்பிக் கொள்ளலாம். விலையில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிகிறது. எரிபொருளில் முடிவதில்லை. எல்லையின் இரு புறமும் கிடைப்பது ஒன்றே: இ-20.

அங்கே 2015-இல் வாங்கிய காரை வைத்திருக்கும் ஒருவர், அது இ-20 பெட்ரோலுக்கு ஏற்றதா என்று அறிய என்ன செய்வார்? ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரிக்கப்பட்டதென்றால், ரப்பர், பிளாஸ்டிக் உதிரிபாகங்கள் இ-20-ஐத் தாங்கும் வகையில் அமைந்தவை என்று கொள்ளலாம். அதற்கு முற்பட்டதென்றால், வண்டியுடன் கொடுத்த கையேட்டில் எரிபொருள் பற்றிய பக்கத்தையும், பெட்ரோல் தொட்டி மூடியின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். இ-10 என்று மட்டுமே அங்கு இருந்தால், அந்த வண்டி 20 சதவீதத்துக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. ஒன்றுமே எழுதியிராவிட்டால் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பு நிறுவனத்தின் சேவை மையத்தில் கேட்க வேண்டும். வாய்மொழிப் பதிலோடு திரும்பாமல் எழுத்தில் பெறுவது நல்லது. கார்புரேட்டர் பொருத்திய பழைய இருசக்கர வாகனங்களின் நிலை இன்னும் சிக்கலானது. புதிய என்ஜின்களில் உணர்கருவி எரிபொருளின் தன்மைக்கேற்ப அளவைக் கூட்டிக் குறைத்துக் கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது.

இத்தனையும் கேட்டறிந்த பிறகு அவருக்குக் கிடைக்கும் விடை 'ஏற்றதல்ல' என்பதானால்? அப்போதும் அதே பெட்ரோலைத்தான் அவர் நிரப்பியாக வேண்டும். எத்தனால் கலவாத 100 ஆக்டேன் பெட்ரோல் சில நகரங்களில் கிடைக்கிறது. சாதாரண பெட்ரோலைவிட அதன் விலை மிக அதிகம். சித்தூர் வட்டத்து ஆசிரியரோ, தேங்காய் வியாபாரியோ அன்றாடம் வாங்கக்கூடிய பொருளல்ல அது.

பழைய வண்டிகள் உடனே பழுதாகி நின்றுவிடும் என்று கிளப்பப்படும் பீதியில் மிகை உண்டு. ஏ.ஆர்.ஏ.ஐ. உள்ளிட்ட அமைப்புகளின் சோதனைகளைக் காட்டி, பெரிய பாதிப்பு ஏதுமில்லை என்கிறது அரசு. ஆனால் 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் வெளியிட்ட விளக்கத்திலேயே, சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற நேரலாம் என்ற வரி இருக்கிறது. செலவு குறைவு என்கிறார்கள். இருக்கட்டும், அந்தச் செலவு யாருடையது?

மைலேஜ் விஷயமும் அப்படித்தான். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எந்த அறிக்கையாலும் மாற்ற முடியாத வேதியியல் இது. நீதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கையே, எத்தனாலற்ற பெட்ரோலுக்காக வடிவமைத்து இ-10-க்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதமும் எரிபொருள் திறன் குறையும் என்று கூறியது. அதை ஈடுகட்ட, கலப்பு எரிபொருளின் சில்லறை விலை சாதாரண பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் அதே அறிக்கை பரிந்துரைத்தது. கலப்பு விகிதத்தைப் பற்றிய பரிந்துரை குறித்த காலத்துக்கு முன்பே நிறைவேறியது. முதலில் 2030-க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கு 2025-இலேயே எட்டப்பட்டது. விலையைப் பற்றிய பரிந்துரை அறிக்கையிலேயே உறங்குகிறது. எத்தனாலின் கொள்முதல் விலை உயர்ந்து 2025 ஜூலை இறுதியில் சராசரியாக லிட்டருக்கு ரூ.71.32 ஆகிவிட்டது, ஆகவே குறைக்க இயலாது என்பது அமைச்சகத்தின் பதில். 2014-15 முதல் ரூ.1.44 லட்சம் கோடி அந்நியச் செலாவணி மிச்சமானதாகக் கணக்குக் காட்டும் அரசு, அதில் ஒரு துளியைக்கூட வாகன உரிமையாளரின் பக்கம் திருப்பவில்லை.

கரும்பு விவசாயியின் பெயரால் சொல்லப்படும் வாதம் சித்தூர் பகுதியில் வேறு விதமாக ஒலிக்கும். மேனோன்பாறையில் இயங்கிய சித்தூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை மூடப்பட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாக ஆண்டுதோறும் வரவேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீரை எதிர்நோக்கி நிற்கும் வட்டம் அது. பிளாச்சிமடையும் அதில்தான் இருக்கிறது. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் பெற 2,860 லிட்டர் தண்ணீர் தேவை என்பதும் நீதி ஆயோக்கின் கணக்கே. அதே மாவட்டத்து எலப்புள்ளியில் எத்தனால் ஆலையும் மதுபான ஆலையும் அமைக்க 2025 ஜனவரியில் கேரள அமைச்சரவை முதற்கட்ட ஒப்புதல் அளித்தபோது, ஊராட்சியே எதிர்த்து நின்றதில் வியப்பில்லை.

பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கத்துக்கு வந்தது. தங்கள் வாகனம் அதற்கு ஏற்றதா என்று மக்கள் தெரிந்துகொள்ள அரசே இணையத்தில் ஒரு வசதியைத் தொடங்கியது. ஏற்காத வண்டிகளுக்காக, உயர் ரகப் பெட்ரோலில் 5 சதவீதக் கலப்பு தொடர்ந்தது. 1975-இலேயே எத்தனால் திட்டத்தைத் தொடங்கிய பிரேசிலில் எந்தக் கலப்பிலும் ஓடும் வாகனங்கள் 2003-இல் சந்தைக்கு வந்தன; அங்கு வாடிக்கையாளர் இரண்டின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்து நிரப்புகிறார். இங்கோ முதலில் எரிபொருள் மாறியது, பிறகு வாகனங்கள் மாறுகின்றன.

வாகனம் எவ்வளவு எத்தனாலுக்கு ஏற்றது என்பதைத் தயாரிப்பாளரே வரையறுத்து, கண்ணில் படும்படி வண்டியில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 டிசம்பரிலேயே வரைவு அறிவிக்கை வெளியிட்டது. அதை ஏற்கெனவே சாலையில் ஓடும் வண்டிகளுக்கும் விரிவாக்கி, ஒவ்வொரு நிறுவனமும் தன் பழைய மாடல்களின் பட்டியலைத் தமிழ், மலையாளம் உள்ளிட்ட மொழிகளில் வெளியிட வேண்டும் என்று உத்தரவிட நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் தேவையில்லை. பெட்ரோல் நிலையத்தின் குழாயருகே 'எத்தனால் 20 சதவீதம்' என்று பெரிய எழுத்தில் எழுதி வைக்கவும் பெரிய செலவு பிடிக்காது. வட்டத்துக்கு ஒரு நிலையத்திலாவது இ-10 விற்பதற்கு எண்ணெய் நிறுவனங்கள் தனித் தொட்டி ஒதுக்க வேண்டியிருக்கும். செலவு என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.