கடலுக்கு நீலம் மட்டும்தானா?

கடலை நீலத்தில்தான் வரைய வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. கடற்கரையே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கல்லாவி, ஊத்தங்கரைப் பக்கம், அச்சடித்த காட்சிப் படங்களும் காலண்டர்களுமே பலருக்குக் கடலைக் காட்டின. பழுப்பிலோ சாம்பலிலோ கடலைத் தீட்டிய படத்தைக் கண்டால் ஓவியருக்கு நிறம் தெரியவில்லை என்று சட்டெனச் சொல்லிவிடுகிறோம். அது தவறான தீர்ப்பு. அப்படிச் சொல்பவர் படத்தைப் பார்க்கவேயில்லை. மனத்தில் ஏற்கெனவே இருந்த நீலத்தோடு ஒப்பிட்டு மட்டுமே பார்த்திருக்கிறார்.

கடல் நீலம்தான் என்பதற்கு அறிவியலைத் துணைக்கு அழைப்பார்கள். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1921இல் கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்ற இயற்பியலாளர் ராலே பிரபுவின் கருத்தை மறுத்து, நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிப்பதை விளக்கினார். உண்மைதான். ஆனால் அது ஆழமான, தெளிந்த நீருக்கான விளக்கம். நம் மாவட்டத்தைக் கடந்து போகும் தென்பெண்ணை கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகும்போது அந்த முகத்துவாரத்தில் நீலத்தைத் தேடினால் கிடைக்காது; கலங்கிய செம்பழுப்புதான் இருக்கும். மேகம் கவிந்தால் அதே நீர் ஈயம்போல மங்கும், பொழுது சாயும்போது செம்பொன்னாகும். இவற்றில் எதை வரைந்தாலும் அது கடல்தான்.

நிறம் பொருளின் அடையாளச் சீட்டு அல்ல; அந்த நேரத்தின் ஒளியையும் அதனால் எழும் மனநிலையையும் அதுதான் சுமக்கிறது. நெய்தலுக்கு எற்பாட்டைச் சிறுபொழுதாகவும் இரங்கலை உரிப்பொருளாகவும் வைத்த நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். கடற்கரையையும் சாயும் பொழுதையும் ஏக்கத்தையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. இங்கிலாந்தின் டர்னர் 1842இல் காட்சிக்கு வைத்த பனிப்புயல் ஓவியத்தில் நீராவிக் கப்பலைச் சுற்றிச் சாம்பலும் பழுப்பும் அழுக்கு வெள்ளையும் சுழல்கின்றன. அன்றைய விமர்சகர்கள் ஏளனம் செய்தார்கள். அங்கே பளிச்சென்ற நீலத்தை வைத்திருந்தால் அச்சம் போயிருக்கும், கப்பல் சுற்றுலா போவதுபோல் ஆகியிருக்கும்.

அப்படியானால் எந்த நிறத்தையும் அப்பலாமா என்று கேட்கலாம். கூடாது. ஒரு நிறம் பக்கத்து நிறத்தோடு கொள்ளும் உறவில்தான் ஓவியரின் திறமை இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1872இல் வரைந்த லே ஹாவ்ர் துறைமுகக் காலைக் காட்சியில் சூரியனின் ஆரஞ்சும் சுற்றியுள்ள சாம்பல்நீலமும் ஏறக்குறைய ஒரே வெளிச்ச அளவில் இருக்கின்றன. கறுப்பு வெள்ளையில் பார்த்தால் சூரியன் கிட்டத்தட்ட மறைந்துபோகும். நிற வேறுபாடு ஒன்றே அதைத் துடிக்கவைக்கிறது. இதைக் கண்டுகொள்ளக் கடலோரத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை, பொறுமையாகப் பார்த்தால் போதும். ஆகவே ஓவியப் போட்டி நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழுப்புக் கடலை வரைந்த பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அது எந்த நேரத்துக் கடல் என்று முதலில் கேளுங்கள்.