கூண்டுப் பறவையும் நம் கடமையும்

பெருநகரச் சந்தைகளில் சிறு கூண்டுகளை அடுக்கிவைத்துப் பறவைகளை விற்கும் காட்சியை நாம் கண்டிருப்போம். ஆஸ்திரேலியாவின் காக்கட்டீல், ஆப்பிரிக்காவின் சாம்பல்நிறக் கிளி, தென்னமெரிக்காவின் பஞ்சவர்ணக்கிளி ஆகியவை அங்கே அருகருகே இருக்கும். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால் பலர் அயல்நாட்டுப் பறவைகளை நாடுகின்றனர். அவை திடீரென இறந்தால் ‘விதி’ என்று கூறிக் கடந்துவிடுகின்றனர். அது விதியன்று, பெரும்பாலும் மனிதரின் அறியாமையால் விளைவதே என்பது என் கருத்து.

வெவ்வேறு கண்டங்களுக்கு உரிய பறவைகள் இயற்கையில் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. வணிகமே அவற்றை ஓரிடத்தில் நெருக்கி அடைக்கிறது. ஒன்றன் எச்சமும் இறகுத் தூளும் மற்றொன்றின் தீனியில் விழுகின்றன. கிளியினத்தைத் தாக்கும் அலகு–இறகு நோய் இவ்வாறுதான் பரவுகிறது. இறகுகள் உதிரும்; அலகு சிதையும்; இளம்பறவைகள் மடியும். இந்த வைரஸ் நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

பறவைகள் தம் நோயை மறைக்கும் இயல்புடையவை. காட்டில் தளர்ச்சியை வெளிக்காட்டும் பறவை எளிதில் இரையாகிவிடும் அன்றோ? ஆகவே, கூண்டுப் பறவை இறகைச் சிலிர்த்துக்கொண்டு அடித்தட்டில் ஒடுங்கி அமரும்போது, நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

இத்துன்பம் கூண்டோடு நிற்பதில்லை. 1929–30ஆம் ஆண்டுகளில் தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறிய கிளிகளால் பல நாடுகளில் கிளிக்காய்ச்சல் பரவியது. உலர்ந்த எச்சத்தின் தூளைச் சுவாசித்த மனிதர் பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். 1971ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கோழிகளிடையே வெள்ளைக்கழிச்சல் நோய் பரவியது. இறக்குமதியான வளர்ப்புப் பறவைகளே அதற்குக் காரணம் எனக் கண்டறிந்தனர். நோயை ஒழிப்பதற்காக ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன. சிலரது பொழுதுபோக்கிற்குப் பல உழவர் குடும்பங்கள் விலை கொடுத்தன.

“பண்ணையிலேயே பிறந்த பறவைகளை வாங்கினால் தீங்கில்லையே?” எனச் சிலர் வினவலாம். அதனால் காட்டுப்பறவைகள் பிடிபடுவது குறையும் என்பது உண்மை. ஆனால், நெரிசலான கடையில் நோய் பிறப்பிடம் பார்த்துத் தொற்றுவதில்லை. “கூண்டைத் திறந்துவிடலாமே?” என்பதும் அருளன்று. பழகாத நிலத்தில் அப்பறவை பசியால் மடியலாம்; தன் நோயை நம் நாட்டுப் பறவைகளுக்கும் தரலாம்.

எனவே, அயல்நாட்டுப் பறவைகளைப் புதிதாக வாங்காதிருப்பதே நன்று. முன்னரே வளர்ப்போர், புதிதாக வந்த பறவையைக் குறைந்தது ஒரு மாதம் தனியே வைக்க வேண்டும். கூண்டை நாள்தோறும் தூய்மை செய்ய வேண்டும். சோர்வு கண்டவுடன் கால்நடை மருத்துவரை நாட வேண்டும். பறவை வணிகர்களும் இவ்விதிகளைப் பின்பற்றுமாறு அரசு கண்காணிக்க வேண்டும்.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் அன்பை நாம் போற்றுகிறோம். அவன் மயிலைச் சிறைப்படுத்தவில்லை. அதன் துன்பத்தையே எண்ணினான். மாணவர்களே, பறவைகளைச் சன்னலோரத்தில் நின்று காணுங்கள். கோடையில் மாடத்தில் நீர் வையுங்கள். சிறகுள்ள உயிரை நேசிக்கக் கூண்டு தேவையில்லை.

சிந்தித்து எழுதுக

1. கூண்டுப் பறவையைத் திறந்துவிடுவது அருளன்று என ஆசிரியர் கூறுவது ஏன்?
2. ஆசிரியரின் கருத்தை நீ ஏற்கிறாயா? காரணம் தந்து விளக்குக.