மணியை நீங்களே அடியுங்கள்



வீட்டிலிருந்து வேலை 2020 கொரோனாவோடு வந்த புதுமை இல்லை. இளம்பிள்ளை, ராசிபுரம் பக்கம் தறி வீட்டுக்குள்தானே இருக்கிறது? எங்கள் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் கூலிக்கு நெய்தவர்தான். ஆனாலும் பொழுது சாய்ந்தால் குழியிலிருந்து எழுந்துவிடுவார். அமாவாசைக்குத் தறி ஓடாது.

நீங்களோ கட்டிலில் லேப்டாப், சோற்றுத்தட்டோடு மீட்டிங், நள்ளிரவில் மெயில். போன வாரம் பார்க்க வந்த மாணவனுக்கு வயது 32, கழுத்தில் பட்டை!

2023இல் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார். வகுத்துப் பாருங்கள்: ஞாயிறும் சேர்த்துத் தினம் 10 மணி நேரம். பிள்ளை முகத்தை எப்போது பார்ப்பது?

வேலைக்கு ஒரு மூலை, ஒரு நாற்காலி, ஒரு நேரம் வையுங்கள். பள்ளியில் மணி அடித்ததும் சாக்பீஸைக் கீழே வைத்தவன் நான்; பாடம் ஒன்றும் கெட்டுவிடவில்லை. வீட்டில் மணி அடிக்க வாட்ச்மேன் இல்லை கண்ணுகளா. நீங்கள்தான் அடிக்க வேண்டும்.