காதையும் அடைக்கிறோமா?

போன மாசம் எங்க திருவெள்ளறை சேரித் தம்பி ஒருத்தன் போன் பண்ணினான். திருச்சியில் கல்லூரியில் படிக்கிறான். பிறவியிலேயே பார்வை கிடையாது. "அண்ணே, உங்க கவிதைய வாட்ஸப்புல அனுப்புனீங்கள்ல, என் போனு 'படம்'னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்கிடுச்சுண்ணே. என்னண்ணே எழுதியிருக்கீங்க?"

செந்தாமரைக்கண்ணன் என்று சாமிக்குப் பேர் வைத்த ஊரில், அன்றைக்குக் கண் தெரியாதவன் நான்தான்.

வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயமும் அரக்கும் உருக்கி ஊற்றச் சொன்னது கௌதம தர்மசூத்திரம். சூத்திரனுக்கே அந்தக் கதி என்றால் ஊருக்கு வெளியே நின்ற நமக்கு? அறிவு காது வழியாகவும் வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் மறந்துபோச்சு.

இன்று திரையில் இருப்பதைக் குரலாக மாற்றும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக். கணினிக்கு என்விடிஏ. விலைக்கு விற்ற மென்பொருளை வாங்க வக்கில்லாதவர்களுக்காக 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் இதைத் தொடங்கினார், ஜேம்ஸ் டே கூடச் சேர்ந்தார். இரண்டு பேருக்குமே பார்வை இல்லை. யாரோ இரக்கப்பட்டுப் போட்ட பிச்சையல்ல, பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே செய்துகொண்டது. காசில்லாமல் கிடைக்கிறது, தமிழும் பேசுகிறது.

ஆனால் அதற்கு எழுத்து வேண்டும். பக்கத்தைப் போட்டோ பிடித்துப் போட்டால் அதற்கு அது வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் வசதி இருக்கிறதே என்பார்கள். மங்கிய அச்சில் அது வார்த்தையைக் கடித்துத் துப்பும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்தால் இன்னும் மோசம். அதில் 'அம்மா' என்று நாம் பார்ப்பது, உள்ளே எம், கே, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள். மென்பொருள் அதைத்தான் உளறும். யூனிகோடில் அடித்தால் அம்மா அம்மாவாகவே கேட்கும்.

சட்டம் இல்லாமலில்லை. 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. வங்கிக் கணக்குக்குக் கேமரா முன்னால் கண்சிமிட்டச் சொன்னதை எதிர்த்த வழக்கில், டிஜிட்டல் வசதியும் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையே என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும், தீர்ப்பு வந்த வேகத்தில் மாற்றம் வராது. பொதுக்குளங்கள் எல்லோருக்கும் என்று 1923-லேயே பம்பாய் சட்டசபை தீர்மானம் போட்டது. மகத் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிக்க 1927-இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான சனத்தோடு நடக்க வேண்டியிருந்தது.

தோழர்களே, வங்கியைக் கேள்வி கேட்போம், அரசைக் கேள்வி கேட்போம். அதற்கு முன்னால் நம் கையிலிருக்கும் குளம் ஒன்று இருக்கிறது. நம்முடைய சிறுபத்திரிகைகள், துண்டறிக்கைகள், கூட்ட அறிவிப்புகள். எல்லாம் படம், எல்லாம் பழைய எழுத்துரு. சேரியில் பிறந்து கண்ணும் தெரியாதவனுக்கு நாமும் கதவைச் சாத்தியிருக்கிறோம்.

இனி போடுவதை யூனிகோடில் போடுவோம். படம் போட்டால் கீழே நாலு வரி எழுதுவோம். பழைய இதழ்களை ஆளுக்கொன்றாய் எடுத்துத் தட்டச்சு செய்வோம்.

அன்று ராத்திரி கவிதையை மறுபடி அடித்துத் தம்பிக்கு அனுப்பினேன். காலையில் கூப்பிட்டான். "கேட்டேண்ணே. மூணாவது வரி சரியில்லண்ணே."

அவன் சொன்னது சரிதான். இத்தனை நாள் இந்த விமர்சனத்தை நாம் இழந்துதான் இருந்திருக்கிறோம்.