கொம்பன் யானைக்கு விதைப்பை எங்கே?

கேள்வி: ‘‘தை மாதம் ஒரு செம்மறிக் கிடா வாங்கி, 20 பெட்டை ஆடுகளோடு விட்டிருக்கிறேன். சித்திரையில் பருவத்துக்கு வந்த ஆடுகள் மீது நன்றாகத்தான் ஏறியது. ஆனால், பெரும்பாலானவை 17 நாளில் திரும்பப் பருவத்துக்கு வந்துவிட்டன. கிடாவைக் கறிக்குக் கொடுத்துவிடலாமா? இன்னொரு சந்தேகம்... எங்கள் மலையில் கொம்பன் யானைகளைப் பார்க்கிறோம். அவற்றுக்கு விதைப்பையே தெரிவதில்லையே, ஏன்?’’

- வாசகர், அந்தியூர்.

பதில்: யானையிலிருந்தே தொடங்கலாம். கிடாவுக்கான விடையும் அதில் இருக்கிறது.

பாலூட்டிகள் கருவில் வளரும்போது, விதைகள் சிறுநீரகத்துக்கு அருகில்தான் உருவாகின்றன. செம்மறி, மாடு, மான் போன்றவற்றில் அவை கீழே இறங்கி, வெளியே தொங்கும் பைக்குள் வந்துவிடும். யானைக்கு இறங்குவதே இல்லை. கடைசிவரை வயிற்றுக்குள், சிறுநீரகத்தின் அருகிலேயே இருக்கும். பாக் நீரிணையில் வாழும் ஆவுளியாவுக்கும் (கடற்பசு) விதைகள் உடலுக்குள்தான். யானையில் உடல் சூட்டிலேயே விந்தணு உற்பத்தியாகும்.

ஓங்கில் என்கிற டால்பினுக்கும் விதைகள் உள்ளேதான். ஆனால், அதற்குத் தனி ஏற்பாடு உண்டு. முதுகுத் துடுப்பிலும் வால் துடுப்பிலும் கடல் நீரால் குளிர்ந்த ரத்தம், விதைக்குப் போகும் ரத்தக்குழாய்களை ஒட்டி ஓடி, அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது.

செம்மறியின் விதைப்பைக்கு மேலேயும் இதே வேலை நடக்கிறது. சுருண்டு இறங்கும் தமனியைச் சுற்றி, சிரைகள் வலைபோலப் பின்னியிருக்கும். கீழிருந்து திரும்பும் குளிர்ந்த ரத்தம், மேலிருந்து வரும் சூடான ரத்தத்தைத் தணித்துவிடும். வெயிலில் பை தளர்ந்து தொங்கும், குளிரில் சுருங்கி உடலோடு ஒட்டிக்கொள்ளும். இப்படி உடல் சூட்டைவிட 4, 5 டிகிரி குறைவாக இருந்தால்தான் கிடாவுக்கு விந்தணு சரியாக உருவாகும். விதை இரண்டும் இறங்காத கிடா, பெட்டையின் மீது ஏறும். ஆனால், சினை நிற்காது. யானைக்கு இயல்பான அமைப்பு, கிடாவுக்குக் குறைபாடாகிவிடுகிறது.

விதைக்குள் நூல்போல நுண்ணிய குழல்கள் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் உட்சுவரில் விந்தணு உருவாகிறது. குழல்களுக்கு இடையில் உள்ள செல்கள், ஆண் தன்மைக்கான ஹார்மோனைச் சுரக்கின்றன. காட்டு மான்களில் இந்த இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்கும். ஐரோப்பாவின் செம்மானுக்கு இலையுதிர் காலத்தில்தான் இணைசேரும் பருவம். வசந்த காலத்தில் விதைகள் சுருங்கி, விந்தணு உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிடும். கொம்பு விழுந்து, தோல் போர்த்த புதுக்கொம்பு முளைக்கும் காலம் அது. நம் காட்டுப் புள்ளிமான் கூட்டத்திலோ, எந்த மாதத்திலும் கொம்பு முற்றிய ஆண் மான் இருக்கும்.

ஆனால், கோடைச் சூடு தாக்கிய கிடாவில் கதை வேறு. விந்தணு உருவாகும் செல்கள்தான் முதலில் அடிபடும். ஹார்மோன் அவ்வளவாகக் குறையாது. அதனால்தான் கிடா உற்சாகமாக ஏறும், சினை மட்டும் நிற்காது. ஏறுவதை வைத்து விந்தின் தரத்தைச் சொல்ல முடியாது.

செம்மறியில் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 49 நாள்கள் ஆகும். பிறகு, விதையை ஒட்டிய சுருள் குழாயில் முதிர்ச்சியடைய மேலும் 10 முதல் 14 நாள்கள். ஆக, இன்று வெளிவரும் விந்தணு, இரண்டு மாதங்களுக்கு முன்பு உருவாகத் தொடங்கியது. பங்குனியில் தகரக் கொட்டகையில் வெந்திருந்தாலோ, கடும் காய்ச்சல் கண்டிருந்தாலோ, அதன் பலன் சித்திரை, வைகாசியில் தெரியும்.

எனவே, அவசரப்பட்டு விற்க வேண்டாம். இரண்டு விதைகளும் பைக்குள் இருக்கின்றனவா, ஒரே அளவில் கெட்டியாக இருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தாலோ, வீங்கியிருந்தாலோ, ஒன்று மட்டும் இருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குறை தெரியாவிட்டாலும் விந்துப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

தகரத்தின் மேல் தென்னங்கீற்று பரப்புங்கள். காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை மரநிழலில் கட்டி, தாராளமாகத் தண்ணீர் வையுங்கள். சூடு தணிந்த நாளிலிருந்து 60 நாள்கள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை பெட்டைகளுக்கு வேறு நல்ல கிடாவை இரவல் வாங்கி விடலாம். அதன்பிறகும் சினை நிற்காவிட்டால், கிடாவைக் கழித்துவிடலாம்.